இன்ஹேலரை யார் ஒளித்தது?

போன சனிக்கிழமை, பொம்மனஹள்ளியில் ஒரு கிளினிக். என் பத்து வயது மகள் யாழினிக்கு இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக இளைப்பு. முன்பு இரண்டு முறையும் சளி என்று சிரப் கொடுத்துச் சமாளித்திருந்தோம்.

கன்னடம் கலந்து தமிழ் பேசும் புது டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார்.

"ஃபேமிலில யாருக்காவது வீசிங், அலர்ஜி இருந்துச்சா? ஸ்வல்ப யோசிச்சு சொல்லுங்க. இது வெறும் சளியா, ஆஸ்துமாவான்னு பாக்கணும்."

"ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்ல மேடம்," என்றாள் என் மனைவி கவிதா.

நான்? சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரன் பார்க்கும் வீட்டில் இளைப்பைப் பற்றி யாராவது வாய் திறப்பார்களா? கல்யாணத்தன்று என் இன்ஹேலர் இருந்தது மாப்பிள்ளைத் தோழனின் சட்டைப்பையில். ஹோமப் புகைக்கு நடுவே இரண்டு முறை 'பாத்ரூம்' போய்வந்தேன். அடுத்த வருஷமே இளைப்பு நின்றுவிட்டது. விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்...

மகளின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

கவிதா என்னை முறைத்தாள். பிறகு டாக்டரிடம் மெதுவாக, "எனக்கும் சின்ன வயசுல கை மடிப்பெல்லாம் அரிப்பு, கரப்பான், மேடம். பொண்ணு பாக்க வந்தப்ப ஃபுல் ஹேண்ட் ப்ளவுஸ் போட்டு உக்கார வெச்சாங்க," என்றாள்.

அப்படியானால் குற்றவாளி யார்? டாக்டர் விளக்க விளக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. பிள்ளைக்குப் போவது வியாதியே அல்லவாம். அலர்ஜிக்கு வாகான உடம்பாம். என் இளைப்பும் இவள் கரப்பானும் நெருங்கிய சொந்தமாம். ஒரு ஜீன் இல்லை, பல ஜீன்களாம். தூசி, மகரந்தம், கொசுவர்த்திப் புகை எல்லாம் சேர்ந்தால் கிளம்புமாம். கிளம்பாமலும் போகலாமாம்!

இவள் அண்ணன் ஓசூர் ரோடு தூசியில் தினமும் கிரிக்கெட் ஆடுகிறானே... ஒரு தும்மல் கூட இல்லையே என்று கேட்டேன்.

"அவனுக்கு சீட்டு வேற மாதிரி விழுந்திருக்கும் சார்," என்றார். ஆஸ்துமாதான் என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் கிளம்பினோம். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த யாழினி கேட்டாள்.

"அப்பா, என்னைப் பொண்ணு பாக்க வந்தா நானும் இன்ஹேலர ஒளிச்சு வெக்கணுமா?"

"வேணாம்டா கண்ணு," என்றேன். குரல் கம்மிவிட்டது.

தூசி அலர்ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள்.