பௌர்ணமி ரூம் கணக்கு

எங்கள் முதலாளிக்குச் செங்கம் சாலையில் ஒரு லாட்ஜ். அதன் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. லாட்ஜ் அவருக்குத் தெரிந்த தொழில். கம்பெனி, மாப்பிள்ளை பேச்சைக் கேட்டு ஆரம்பித்தது. மாப்பிள்ளை பெங்களூர் போய்விட, நான் மாட்டிக்கொண்டேன்.

கிளினிக், பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று ஊரில் இருபது பேருடைய கணினித் தகவல்களை நகலெடுத்து வைப்பது எங்கள் வேலை. நகல் இருந்தால் மட்டும் போதாது, அது உயிரோடு எழுந்து வருமா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்காகவே இரண்டு பெரிய சர்வர்கள். ஒவ்வொரு நகலும் அதற்குள் தனிக் கணினியாக விழித்துக்கொள்ளும், விழித்திருக்கும்வரை மெமரியைத் தின்னும். ஒரு சர்வர் படுத்தாலும் இன்னொன்று தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஒரு நேரத்தில் ஏழு நகல்தான் விழிக்கலாம் என்று வந்தது.

முதலாளி தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னாப்பா, பாதி காலியா கெடக்குது? பௌர்ணமிக்கு நம்ம லாட்ஜ்ல என்னா பண்றோம்? ஒரே ரூம ரெண்டு குடும்பத்துக்குக் குடுக்கறோம். ஒன்னு மலை சுத்தப் போனா இன்னொன்னு தூங்குது. ரெண்டும் ஒரே நேரத்துல வந்து நின்னுச்சா?"

டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரித்தேன். பிறகு மேலே வந்து அவர் சொன்னபடியே ஒரே மெமரியை இரண்டு நகலுக்குக் கொடுத்தேன். கொடுமை என்னவென்றால், எட்டு மாதம் அது வேலை செய்தது. ஒவ்வொரு நகலும் தன் முறைக்கு எழுந்து, ஐந்து நிமிடம் விழித்திருந்து, திரும்பத் தூங்கியது. வாடிக்கையாளருக்கு 'பாஸ்' என்று மெயில் போனது. எனக்கும் தலைக்கனம் ஏறியது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் ஒரு டெஸ்ட் தோற்றது. இனி வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் எதுவும் ஓடக்கூடாது என்றார் முதலாளி. சாமி, ஜாதகம் எதிலும் நம்பிக்கையில்லை என்று பீற்றிக்கொள்பவன் நான். வாயைத் திறக்காமல் வெள்ளிக்கிழமை டெஸ்ட் அத்தனையையும் பன்னிரண்டு ஐந்துக்கு மாற்றிவைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கண் கிளினிக்கின் சர்வர் செத்தது. பதறாமல் அவர்கள் நகலை எங்களிடம் எழுப்பி, அதிலேயே அவர்களை வேலை பார்க்க வைத்தேன். அந்தப் பெருமையில் டெஸ்ட் விஷயம் மறந்துபோனது. பன்னிரண்டு ஐந்துக்கு, மழையில் கிரிவலத்தைப் பாதியில் விட்டவர்கள் போல எல்லா நகலும் ஒன்றாக வந்து நின்றன. கிளினிக்கின் திரை உறைந்தது.

டாக்டரம்மா போன் செய்தார். "பத்து பேருக்குக் கண்ணுல மருந்து ஊத்தி உக்கார வெச்சிருக்கேன். யாருக்கு எந்த லென்ஸுன்னு உங்ககிட்டதான் இருக்கு. மாத்தி வெச்சா நீங்க வந்து எடுப்பீங்களா?"

எதை அணைத்தால் சட்டென்று இடம் கிடைக்கும் என்று தேடினேன். இருப்பதிலேயே பெரியது எங்கள் லாட்ஜின் நகல். லாட்ஜில் பௌர்ணமிக்கும் பூட்டியே கிடக்கும் ஓர் அறை உண்டு, முதலாளியின் சொந்தக்காரர்களுக்காக. அவரைக் குளிர்விக்க சர்வரிலும் அதேபோல லாட்ஜ் நகலுக்கென்றே மெமரியைப் பூட்டிவைத்திருந்தேன்.

"அது நம்மளுதாச்சேப்பா," என்றார் பின்னால் நின்ற முதலாளி. அணைத்தேன். கிளினிக்கின் திரை அசைந்தது.

மாலையில் டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். மெஷின் மேல் பழியைப் போட்டேன்.

"எட்டு மாசமா பாஸ் பாஸ்னு மெயில் அனுப்பினீங்களே, என்னா பாத்து பாஸ் போட்டீங்க?"

"எழுந்துச்சுங்க. அஞ்சு நிமிஷம் பாத்தோம்."

"ஆபரேஷன் முடிஞ்சவங்க கண்ணத் தொறந்தாப் போதும்னு நான் வீட்டுக்கு அனுப்பிடறதில்லீங்க. தெரியுதான்னு கேக்கறேன்."

வெட்கத்தோடு போனை வைத்தேன். மறுநாள் பழைய தாளை எடுத்து முதலாளி மேஜையில் வைத்தேன். மறுபடியும் ஏழுதான்.

"பாதி காலியா கெடக்குதேப்பா," என்றார்.

"கெடக்கட்டும்ங்க," என்றேன்.