பேர் சொன்னால்தான் துப்பாக்கி

போன செவ்வாய்க்கிழமை காலை, திருச்சி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து கண்டக்டர் என்னைக் கூப்பிட்டுச் சாவுச் செய்தி சொன்னார்: "உங்க துப்பாக்கி ராவுத்தர் மவுத்தாயிட்டாருங்க."

கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட லைசென்ஸ் வைத்திருக்கும் திருவெள்ளறைக் குடியானவன் நான். மஜீத் ராவுத்தர் திருச்சியில் துப்பாக்கி பழுது பார்த்தவர். பழுது பார்த்ததை அவர் சும்மா கொடுத்ததில்லை. ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுப் பேர் சொல்ல வேண்டும். அந்தப் பேர் எங்கிருந்து வந்ததென்றும் சொல்ல வேண்டும். ஜமீன்தாரானாலும் அதுதான் சட்டம்.

முதல் தடவை போனபோது, எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த தைரியத்தில், "தீயைத் துப்புறதாலே துப்பாக்கி" என்றேன்.

ராவுத்தர் சிரித்துவிட்டார். "அது துருக்கிக்காரன் பேருங்க அண்ணே. பாரசீகம், தில்லின்னு ஊர் ஊரா தங்கி நம்ம வாய்க்கு வந்துச்சு. பீரங்கியும் பறங்கியோட பேருதான். தோட்டாவைத் தட்டுற இந்தக் குதிரை மட்டும் நாம வச்சது. வெள்ளைக்காரன் இதைச் சேவல்ங்கிறான்."

"சேவல் எங்கயாவது சுடுமா பாய்?"

"உங்க ஊர்க் குதிரை சுடுதாக்கும்! கடைசியா தோட்டா. இந்துஸ்தானி விருந்தாளி. உள்ள இருக்காரான்னு குழலோட பின்கதவைத் திறந்து பார்த்துட்டுத்தான் மத்த வேலை."

கேட்டதைத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். அந்த வாரம் பன்றிகளுக்குக் கல்யாண விருந்து. அடுத்த நடை என் ஏழு வயது மகள் செங்கமலமும் வந்தாள். நான் தடுமாறத் தடுமாற அவள் எடுத்துக்கொடுத்தாள்.

"பாப்பா பாஸ். அப்பா அதே கிளாஸ்தான்" என்று சொல்லி, துப்பாக்கியை என்னிடம் தந்தார்.

சில மாதம் கழித்து ஒரு காலை, வீட்டில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததும் குதிரையை வெறுமனே 'டக்' என்று தட்டிக் காட்டுவேன், செங்கமலம் சிரிப்பாள். அன்றும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, பேரு சொல்லலியே!"

அலுத்துக்கொண்டே குழல், குதிரை என்று தொட்டு, தோட்டா என்று சொல்லித் திறந்தேன். முந்தின நாள் பன்றி வராததால் சுடாமல் விட்ட தோட்டா உள்ளே இருந்தது.

அன்றே திருச்சிக்கு ஓடினேன். ராவுத்தர் சிரிக்கவில்லை. "எங்க சித்தப்பா வீட்டுலயும் ஒரு பாப்பா இருந்துச்சுங்க" என்றார்.

செங்கமலம் இப்போது டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். அவளிடம் படிக்கப்போகும் பிள்ளைகள் ராவுத்தரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் பேர் சொல்ல அவர்கள் இருப்பார்கள்.

நேற்று கடை திறந்தது. பழுதுக்குக் கொடுத்திருந்த என் துப்பாக்கியை அவர் மகன் பேர் கேட்காமல் நீட்டினார்.

"இருங்க தம்பி, இன்னும் பேரு சொல்லலை" என்றேன்.

ஒவ்வொன்றாகத் தொட்டு, துருக்கியிலிருந்து தில்லி வரை ஒன்றும் தவறாமல் சொன்னேன். முதல் தடவையாக நான் பாஸ். கடைசியில் கதவைத் திறந்து பார்த்தேன். விருந்தாளி இல்லை. குழலின் அந்தப் பக்கம் காலை வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது.

போய் வாருங்கள், ராவுத்தரே. கதவைத் திறந்து பார்த்துவிட்டேன்.