மூச்சக்காவும் நகல் இல்லாத படங்களும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் மூச்சக்கா. வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வருடத்தில் "மூச்ச இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க" என்று அவள் சொல்லாத வேலைநாள் கிடையாது. எக்ஸ்ரே அறையின் கனத்த கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தால், வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களும் தங்களை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். வார்டு நர்சுகள் வைத்த பெயர் மேலதிகாரி வரைக்கும் பரவிவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

ஒரு நாளைக்கு எழுபது படமாவது எடுப்பாள். விலா, முட்டி, முதுகெலும்பு, விழுந்து உடைந்த மணிக்கட்டு. ஆனால் எடுத்த படத்தைப் பார்த்து இதுவரை ஒருவர்கூடச் சிரித்ததில்லை. படத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்ப்பார்கள். "பயப்படுற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?" என்பார்கள். "டாக்டர் சொல்வாரு" என்பாள். தெரிந்ததை முகத்தில் காட்டாமல் இருப்பதும் அவள் வேலையில் பாதி.

ஊழியர் தினக் குலுக்கலில் அவளுக்கு மூன்றாம் பரிசு விழுந்தது. முதல் பரிசான துணி துவைக்கும் மெஷின் மேல்தான் கண் வைத்திருந்தாள். அது கணக்குப் பிரிவுக்காரர் வீட்டுக்குப் போனது. அவள் கைக்கு வந்தது, சோப்புப் பெட்டியை ஊதிப் பெரிதாக்கியது போல வெளிர்நீலத்தில் ஒரு கேமரா. எடுத்த உடனே படத்தை வெளியே துப்புகிற வகை. கூடவே பத்துப் படத்துக்கான ஒரு ஃபிலிம் பெட்டி.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் அவள் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். 'வாயாலேயே வண்டி ஓட்டுற ஆளு' என்று மாணவர்கள் சொல்வார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் பேச ஆரம்பித்தால் நடுங்குகிற காலும் கிளட்சில் அடங்கிவிடும்.

"நாள் பூரா எலும்ப எடுக்குற. இனிமே வீட்ல வந்து சதையையும் எடு" என்றார்.

"முதல்ல உங்க வாயத்தான் எடுக்கணும். ஃப்ரேமுக்குள்ள அடங்குதான்னு பாக்கலாம்" என்றாள் அவள்.

முதல் பெட்டியின் படங்கள் எல்லாம் மோசம். எட்டிப் பார்க்கிற துவாரம் ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. மாடிப்படிக்குப் படி இல்லை, பூனைக்குக் காது இல்லை. இரண்டாவது பெட்டிக்கு வேறு கதி. பையில் போட்டு எக்ஸ்ரே அறை மூலையிலேயே நாள் முழுக்க வைத்துவிட்டாள். அத்தனை படமும் கஞ்சித் தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி வெளுத்து வந்தது. கர்ப்பிணிகளை உள்ளே விடாதே, சாவிக்கொத்தைக் கழற்று, சங்கிலியைக் கழற்று என்று ஊருக்கே எச்சரிக்கை சொல்கிறவள் அவள். "கேமராவுக்கே எக்ஸ்ரே எடுத்துட்டீங்களா அக்கா?" என்று லேப் பெண் கேட்க, சிரித்துச் சிரித்து அவளுக்கே வயிறு வலித்தது.

மூன்றாவது பெட்டியில்தான் கை வசப்பட்டது. வராந்தாவைத் துடைத்துவிட்டு, துடைப்பான் கம்பில் நாடியை ஊன்றி நின்ற துப்புரவுக்கார அம்மாவை ஒரு மதியம் எடுத்தாள். வெள்ளையாக வெளியே வந்த அட்டையைப் பார்த்து, "என்ன, ஒண்ணுமே இல்லியே?" என்றாள் அந்த அம்மா.

"பொறுங்க. வெளிச்சம் படாம கவுத்து வைங்க. ஆட்டாதீங்க."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, அவ்வப்போது ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தபடி காத்திருந்தார்கள். முதலில் கம்பு வந்தது, பிறகு சேலையின் பச்சை, கடைசியாக முகம். அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் இவ்ளோ லட்சணமாவா இருக்கேன்? யாருமே சொல்லலியே!"

அந்தச் சிரிப்பு மூச்சக்காவைப் பிடித்துக்கொண்டது. அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஆனால் அந்த அம்மா அதை அப்போதே இடுப்புப் பைக்குள் செருகிவிட்டாள். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு ஆளுக்கு இரண்டு எடுப்பது என்று வைத்துக்கொண்டாள்: ஒன்று அவர்களுக்கு, ஒன்று தன் ஆல்பத்துக்கு. இரண்டும் ஒன்றுபோல வரவே வராது. ஒன்றில் கண் சிமிட்டியிருப்பார்கள், இன்னொன்றில் அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த வெட்கப் படத்தைத்தான் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் இறங்கிவிடுவாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் வெயிலில் தொப்பியைக் கழற்றும்போது நெற்றியில் தெரியும் கோடு, மொட்டைமாடியில் காயும் பெட்ஷீட்டுக்குக் கீழே தெரியும் நாலு கால்கள், சலூன் கண்ணாடியில் தாடிக்கு நடுவே பாதி வழித்த முகம். ஃபிலிம் குறைவு என்பதால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் கூட நிற்பாள். கால் வலிப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் காலை கணவர் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தார். தண்ணீர் உதட்டின் இடது ஓரமாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தார். முகத்தின் இடது பாதி தூங்கிப்போயிருந்தது. புருவம் ஏறவில்லை, இமை மூடவில்லை.

மூச்சக்காவின் ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பார்த்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை, முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சரியாகிவிடும், மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்ட ஒரு டேப், கண்ணாடி முன் நின்று செய்ய முகப் பயிற்சி. அந்தக் கண் மூடும்வரை ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது. டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு சொன்னார்.

பேசிப் பேசியே வளர்ந்த வீடு அமைதியாகிவிட்டது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கேட்டால் இரண்டு வார்த்தை. பிறந்ததிலிருந்து காப்பி தவிர வேறொன்றும் தொடாதவர், "டீ குடு" என்றார். வாய் ருசி மாறிவிட்டது போல என்று அவளும் டீ போட்டாள்.

கஷ்டம் மகளிடம் வந்து நின்றது. வேறு நாட்டில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வாரத்துக்கு மூன்று நாள் வீடியோ அழைப்பு வரும். அவர்தான் முதலில் பாய்ந்து எடுப்பார். இப்போது மணி அடித்ததும் எழுந்து குளியலறைக்குப் போய்விடுவார்.

"அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல. தூங்குறாரு" என்பாள் மூச்சக்கா. அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்று அவர் கையால் காட்டியிருந்தார்.

"மூணு வாரமாவா தூங்குறாரு? நான் லீவுக்கு வரலன்னு சொன்னதுக்குக் கோவமாம்மா?"

"அதெல்லாம் இல்லடி."

"அப்ப ஒரு நிமிஷம் குடு."

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

உடனே மூச்சக்கா குளியலறைக் கதவருகிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "வெளிய வாங்க. உங்க மூஞ்சிய நான் தினம் பாக்குறேன். எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியல. அவ உங்க பொண்ணு. அவகிட்ட என்ன வெக்கம்?"

அவர் வந்து எதிரே நின்றார். "அது இல்ல" என்றார். "அந்த வார்த்த வரல."

"எந்த வார்த்த?"

மகள் படுத்துறங்கிய அறையைக் காட்டினார். பிறகு, பரீட்சைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி, வாயைக் குவித்துச் சொல்லிப் பார்த்தார். "ஃபா... ஃபாஃபா." உதடு ஒட்டாமல் காற்று இடது பக்கமாகப் போய்விட்டது.

பாப்பா. பிறந்த அன்றிலிருந்து மகளை அவர் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

மூச்சக்காவுக்கு அப்போதுதான் டீ விஷயமும் விளங்கியது. உதடு ஒட்டினால்தான் வருகிற வார்த்தைகளையெல்லாம் மனிதர் ஒவ்வொன்றாக விலக்கிவைத்துக்கொண்டே வந்திருக்கிறார். காப்பி போனது, சாப்பாடு 'சோறு' ஆனது, அம்மா, அப்பா, பாப்பா மூன்றும் போயின. எலும்புவரை பார்க்கிறவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனின் உதடு தெரியாமல் போயிற்று. அவள் அழவில்லை. எழுந்துபோய்க் கேட்காமலேயே ஒரு காப்பி போட்டுக் குழல் போட்டுக் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

அதன்பிறகு அவள் ஒன்றையும் வற்புறுத்தவில்லை. ஆனால் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து மேஜையில் பரப்புவது அவள் வழக்கம். அவர் நாற்காலியை மெல்ல நகர்த்தி வந்து பார்க்கத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு வெளியே மழைக்கு ஒதுங்கிய தபால்காரரை எடுத்துவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் ஆனதும் அவரே திருப்பினார். நனைந்த தொப்பி, அதன் கீழே கொட்டாவி விடுகிற வாய்.

"இது ஒண்ணுதானா? இன்னொண்ணு கிடையாதா?" என்றார்.

"ஒண்ணேதான். மெமரி கார்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எடுத்தது கையில இருக்கிறதுதான்."

"ஃபோனுக்கெல்லாம் ஃபோகாது?" உதடு தவறியது. தவறியதை அவர் கவனிக்கவில்லை.

"எங்கயும் போகாது. யார்கிட்ட குடுக்குறோமோ அவங்ககிட்ட மட்டும்தான்."

அவர் தபால்காரர் படத்தை மேஜையில் வைத்தார். "என்னைய ஒண்ணு எடு" என்றார்.

பெட்டியில் இரண்டு அட்டைதான் மிச்சம். மூச்சக்கா லென்ஸை முந்தானையால் துடைத்தாள். அவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தாள். பழக்க தோஷம், "மூச்சப் பிடிங்க" என்று சொல்லிவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. வலது பக்கம் மட்டும் சிரித்தது. இடது பக்கம் சும்மா இருந்தது. அவள் அந்த நொடியில் பொத்தானை அமுக்கினாள்.

படம் வந்தபோது அவர் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் கண்ணாடியில் அவர் பயிற்சி செய்கிறவர், 'ஊ' என்றும் 'ஈ' என்றும் இழுத்துப் பார்த்துத் தோற்கிறவர். இதில் இருந்தவர் மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்தார். படத்தின் கீழே இருந்த வெள்ளை ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் எழுதினார். எழுத்துக்கு உதடு தேவையில்லை அல்லவா.

'பாப்பா, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது. பயப்படாத, பிரேக் நல்லா இருக்கு. அப்பா.'

மறுநாள் அவரே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தார். அது நோய் வந்தபிறகு அவர் தெருவில் வைத்த முதல் அடி. படம் வளையாமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து ஒட்டினார்.

கடிதம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மூச்சக்கா ஃபோனை அவர் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

மகளின் கண்கள் வீங்கியிருந்தன. "அப்பா" என்றாள். "நீங்க கோவமா இருக்கீங்கன்னு நினைச்சு ரெண்டு மாசமா இங்க நான் உருப்படியா சாப்பிடல. நீங்க என்னடான்னா வண்டி ரிப்பேர்ங்குறீங்க."

"ஃபாஃபா" என்றார் அவர், ஒளிக்காமல்.

அவள் ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "சொல்லுங்க ஃபாஃபா" என்றாள். அவர் வலது பக்கத்தால் சிரித்தார், அவள் முழு முகத்தாலும் சிரித்தாள். அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வாசலில் நின்றவளுக்குக் கால் மரத்துப்போனது. உள்ளே போய்க் குறுக்கிட அவளுக்கு மனம் இல்லை.

நாலாவது மாதம் புருவம் லேசாக ஏறியது. ஐந்தாவது மாதம் இமை மூடியது. சிரித்தால் இடது பக்கம் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். அது அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் சரி என்றதும் ஸ்கூலுக்குத் திரும்பினார். போன இடத்தில் முன்னைவிடப் பேச்சு அதிகம் என்று கேள்வி.

திரும்பிய மூன்றாம் வாரம் மூச்சக்கா குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால், கத்தரிக்காய்க்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்த ஃபிலிம் பெட்டியைக் காணோம். மாலையில் அவர் வந்ததும் கேட்டாள்.

"லைசென்ஸ் வாங்கின பசங்கள எல்லாம் வண்டி முன்னாடி நிக்க வச்சு எடுத்தேன். அழுதிச்சு ஒரு பொண்ணு. நாலு தடவ ஃபெயிலாகி அஞ்சாவது தடவ பாஸாம். அதுக்கு மட்டும் ரெண்டு எடுத்தேன்."

"என்னைக் கேக்காம பத்தையும் முடிச்சிட்டீங்களா?"

"ஒன்பதுதான். ஒண்ணு உனக்குன்னு வச்சிருக்கேன்."

"எங்க?"

"கேமராவுலதான் இருக்கு. போய் அந்த நல்ல புடவையக் கட்டிட்டு வா. உன்னோட ஆல்பத்துல ஊர்ல இருக்கிறவன் எல்லாம் இருக்கான், நீ எங்கயாச்சும் இருக்கியா?"

அவள் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தாள். உண்மைதான். "புடவையெல்லாம் மாத்த முடியாது, இப்படியே எடுங்க" என்று ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.