நைட்டி போட்ட ஜெபராஜ் அண்ணன்

கம்பெனி பஸ் பெரியபாளையம் தாண்டும்போது போன் வந்தது. கிரேன் ஓட்டும் ஜெபராஜ் அண்ணன் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோருக்கும் சொன்னேன். பின் சீட்டிலிருந்து ஒருவர் மட்டும், "நைட்டிக்காரரா?" என்று கேட்டார். கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. அப்படிச் சொன்னால்தான் கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு ஆலையில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

பழகியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல உயரம், முறுக்கிவிட்ட மீசை, அதட்டினால் உலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும் குரல். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்ததும் அந்த மனிதர் பூப்போட்ட நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு கோடையில் கரண்ட் போன சாயங்காலம் மனைவி லில்லியுடையதை விளையாட்டாகப் போட்டுப் பார்த்ததில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவர் லுங்கி கட்டி நான் பார்த்ததில்லை.

தனக்கென்று நைட்டி வாங்க அவர் திருவள்ளூருக்கு வந்தபோது, நான் குடியிருக்கும் மணவாள நகரிலிருந்து நானும் கூடப் போனேன். கடையில் வேலை செய்த பெண், "ஊட்ல அக்காவுக்கு இன்னா சைஸுண்ணா?" என்று கேட்டாள். இவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "எனக்குத்தாம்மா. தோள்ல புடிக்காத மாதிரி குடு. பாக்கெட்டு இருக்கணும்" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணோ சிரிக்காமல் நாலைந்து எடுத்துப் போட்டு, சாயம் போகாதது எது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் நைட்டியோடு தெருவில் இறங்கினால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். இவரும் பால் வாங்கப் போகும்போது மறக்காமல் மார்பை மூடித் துண்டு போட்டுக்கொள்வார். குழாயடியில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்களுக்கு எதற்கண்ணா துண்டு என்று கேட்டதற்கு, நைட்டி போட்டால் அதற்குண்டான மரியாதையோடு போடவேண்டும் என்றாராம். கேலி செய்ய வந்தவர்களையும் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார்.

அவர் கூடப் பிறந்த மூத்தவர் சாமுவேல் மட்டும் சிரிக்கவில்லை. நாலு பேர் தன்னைப் பார்த்துக் கேட்கிறார்கள், மானம் போகிறது என்று வாசலிலேயே சண்டை போட்டார். "போதகர் போடற அங்கிக்கும் இதுக்கும் இன்னாண்ணா வித்தியாசம்? அவுருது வெள்ள, என்னுது பூப்போட்டது" என்றார் ஜெபராஜ் அண்ணன். சொல்லியிருக்க வேண்டாம். சாமுவேல் அன்றோடு தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. அதில் இவருக்கு எவ்வளவு வருத்தம் என்று எங்களுக்குத் தெரியும். இடுப்பில் தீக்காயத் தழும்பு இருக்கிறதே, லுங்கி கட்டினால் உறுத்துகிறது என்று சொல்லி அவரைச் சமாதானம் செய்யுங்கள் என்றோம். கேட்கவில்லை.

சாமுவேல் கடைசியில் தம்பியின் சாவுக்குத்தான் வந்தார். கையில் புதுக் கோட்டும் பேன்ட்டும் இருந்தன. உடம்பைக் குளிப்பாட்ட ஆண்கள் நாங்கள் உள்ளே நின்றோம். லில்லி அக்கா அவருடைய நைட்டிகளில் நல்லதாக ஒன்றை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். "ஆம்பளைய ஆம்பளையா அனுப்பணும்மா" என்று சொல்லிவிட்டு சாமுவேல் தண்ணீரை ஊற்றினார். அப்போதுதான் அந்தத் தழும்பு அவர் கண்ணில் பட்டது. ஒரு தடவை ஆலையில் இரும்புப் பொறி பறந்து பேன்ட் இடுப்புக்குள் விழுந்ததில் வந்தது, கறுத்து, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். சாமுவேல் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தைபோல் அழுதார்.

"இதனாலதான் லுங்கி கட்ட முடியலியா? சொல்லியிருந்தா நான் வராம இருந்திருப்பனா? குடும்மா, அதையே போட்டுடலாம்" என்று கையை நீட்டினார்.

நாங்கள் எல்லோரும் லில்லி அக்காவைப் பார்த்தோம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல மாமா. அந்தப் புண்ணு ஆறி ரொம்ப நாளாச்சி. லுங்கி கட்னா ஒண்ணும் ஆயிருக்காது. இது அவருக்குப் புடிச்சிருந்துச்சி. அவ்ளோதான்."

நீட்டிய கையை சாமுவேல் மடக்கிக்கொண்டார். பிறகு கோட்டை எடுத்தார். ஒரு கையை அவரும் மறு கையை நானும் நுழைத்தோம். அக்னி நட்சத்திர வெயிலில், கழுத்து வரை பட்டன் போட்டு, எங்கள் ஜெபராஜ் அண்ணனைப் புதைத்தோம்.

சில நாள் கழித்து லில்லி அக்காவிடம் கேட்டேன், ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று. அண்ணன் உயிரோடு இருந்தபோது அக்காவும் அவரிடம் இதையேதான் சொல்லிப் பார்த்தாராம். அதற்கு அவர், "பொய்க் காரணம் சொன்னா, நாளைக்குப் புண்ணு ஆறிப்போச்சேன்னு அண்ணன் கேப்பாரு. அப்ப நைட்டிய கழட்டிடறதா?" என்றாராம். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். உடனே அழுதுவிட்டார்.

இப்போது நம் ஆட்களின் வாட்ஸப் குரூப்பில், பாவம், தீக்காயத்தால்தான் மனிதர் அப்படி உடுத்தினார் என்று எழுதுகிறீர்கள். அன்பில்தான் எழுதுகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவருடைய கடைசி உடுப்பையே விட்டுக்கொடுத்து ஒரு பெண் காப்பாற்றிய உண்மை இதுதான்: அவர் நல்ல உடம்போடு, ஆசைப்பட்டுத்தான் உடுத்தினார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஆசையைத்தான். யாராவது என்னிடம் காரணம் கேட்டால், பிடித்திருந்தது என்று மட்டும் சொல்வேன்.