சந்தனக் கறை வண்டியும் சர்டிஃபைடு ஸ்டிக்கரும்

1. ஆபீசருக்கு எத்தனை தலை?

சித்தூரில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, திருப்பதியில் பழைய கார் விற்கும் ஒரு யார்டில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். விற்பனைக்கு வரும் காரைப் பரிசோதித்து, தேறினால் கண்ணாடியில் 'சர்டிஃபைடு' ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.

முதல் நாள் மேனேஜர் பிரசாத் ஒரு வெள்ளை டீசல் காரைக் காட்டினார். "பாஸ்கர், இது சிங்கிள் ஓனர். பேங்க் ஆபீசர் வண்டி. வீட்டுக்கும் பேங்குக்கும்தான் ஓடினது."

நான் பானெட்டைத் திறக்கவில்லை. பின் கதவைத் திறந்து ஹெட்ரெஸ்ட்டைப் பார்த்தேன். மூன்றிலும் மஞ்சள் படிந்திருந்தது.

"ஆபீசருக்கு எத்தனை தலை சார்?" என்று கேட்டேன்.

திருமலையில் மொட்டை போட்டவர்கள் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு காரில் ஏறுவார்கள். ஏறியதும் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். அந்தச் சந்தனம் ஷாம்பூ வாஷில் போனது மாதிரி இருக்கும், வெயிலில் நிறுத்தினால் மறுபடி மேலே வரும். சொந்தக் காரில் எப்போதாவது ஒரு சீட்டில் ஒட்டும். எல்லாச் சீட்டிலும் அடுக்கடுக்காக இருந்தால், அது மலைக்கு ஆள் ஏற்றிய டிராவல்ஸ் வண்டி.

பிரசாத் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் சித்தூரிலிருந்து வந்த ஒரு கஸ்டமரிடம் அவரே ஹெட்ரெஸ்ட்டைக் காட்டி, "தினமும் சாமி மலைக்குப் போன வண்டிங்க" என்றார். அந்த மனிதர் கறையைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவே இல்லை. மறுநாள் முதல், பின்னால் மறைத்து வைத்திருந்த டிராவல்ஸ் வண்டிகள் எல்லாம் முன் வரிசைக்கு வந்துவிட்டன.

2. ஏறுவது வேறு, இறங்குவது வேறு

வாடகைக்கு ஓடிய வண்டியை வாங்கலாமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். வாங்கலாம். யார் ஓட்டினார்கள் என்பதுதான் விஷயம்.

ஒரே டிரைவர் ஓட்டிய டிராவல்ஸ் வண்டிக்கு நேரத்துக்கு ஆயில் மாறியிருக்கும், ஏனென்றால் அது நின்றால் அவன் பிழைப்பு நிற்கும். சொந்தக்காரர்கள் பலர் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவார்கள், எந்தத் தீபாவளி என்று சொல்ல மாட்டார்கள். வாடகைக்கு எடுத்தவனே ஓட்டும் செல்ஃப் டிரைவ் வண்டி இன்னொரு ஜாதி. வாரம் ஒரு ஆள் வந்து கிளட்ச்சை மிதித்துப் பழகிவிட்டுப் போயிருப்பான். அதை நான் என் மைத்துனனுக்குக்கூடச் சொல்ல மாட்டேன். மைத்துனனோடு எனக்குப் பேச்சு இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

மலை வண்டியில் நான் பார்ப்பது பிரேக். ஏறும்போது இன்ஜின் உழைக்கும். இறங்கும்போது கியரில் பிடித்து இறக்காதவன் காலை பிரேக்கிலேயே வைத்திருப்பான், டிஸ்க் வெந்து நீலம் பூத்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு, மலைக்குப் போன வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு நான் பல வருடம் மல்லுக்கட்டினேன்.

3. பிச்சாட்டூர் தேவகி

தேவகி பிச்சாட்டூர் பக்கம். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. அவள் புருஷன் ஏழுமலைக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் திருப்பதிக்கு வந்து டயாலிசிஸ் செய்தாக வேண்டும். பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். ஒரு நாள் திரும்பும்போது புத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே அவர் மயங்கி விழுந்துவிட்டார். அதற்கப்புறம் நிலத்தில் ஒரு துண்டை விற்றுக் கார் வாங்க வந்தாள். கூட வந்தது கொழுந்தன் சேகர், பால் வண்டி டிரைவர்.

பிரசாத் அவர்களை ஒரு சிவப்புக் காரிடம் கூட்டிப் போனார். சென்னையிலிருந்து முந்தின நாள்தான் வந்த வண்டி. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. நான் கை வைக்கும் முன்பே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

தேவகி ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தாள். "சர்டிஃபைடுன்னா கவர்மெண்ட்டு பாத்து குடுக்கறதாண்ணா?"

"இல்லம்மா. நான் பாத்து குடுக்கறது."

"நீங்க பாத்துட்டீங்களா?"

"இனிமேதான் பாக்கணும்."

பிரசாத் என்னைப் பார்த்தார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தேன். பாதியோடு நிறுத்தாமல் கடைசி வரை இழுக்க வேண்டும். காரைக் கழுவுகிறவன் எல்லா இடத்தையும் கழுவுவான், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டைக் கழுவ மாட்டான். கடைசி முழத்தில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தது. வெள்ளத்தில் சீட்டு வரை முங்கிய வண்டி.

"இன்னாண்ணா, பெல்ட்டு இப்டி சேறா கீது?" என்றாள் தேவகி.

"ஏமய்யா பாஸ்கர், ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆவுது, ஏசி ஜில்லுனு வருது. பாகுந்தி கதா, நல்லாத்தான கீது? பெல்ட்ட புடிச்சிக்கினு இன்னா பண்ற?" என்றார் பிரசாத்.

"இன்னைக்கு ஆவும் சார். தண்ணி குடிச்ச ஒயரிங் என்னைக்கு நிக்கும்னு அதுக்கே தெரியாது. இவங்க வூட்டுக்காரரு டயாலிசிஸ் முடிஞ்சி வர்றவரு. நாகலாபுரம் ரோட்டுல நின்னா நீங்க போயி தள்றீங்களா?"

நான் நகத்தால் ஸ்டிக்கரை உரித்தேன். நல்ல பசை, பாதிதான் வந்தது. அன்றைக்கு என் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. இன்ஸ்பெக்டர் வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

சேகர் முன் வரிசையைக் காட்டினான். "அண்ணி, அந்த வெள்ள வண்டி இன்னான்னு கேளு."

சந்திரகிரிக்காரர் ஒருவர் தானே ஓட்டிய டிராவல்ஸ் வண்டி. வாடகை வண்டிக்கான மஞ்சள் நம்பர் போர்டை மாற்றி, சொந்த வண்டிக்கான வெள்ளை போர்டு ஆக்கியிருந்தது. இன்ஜின் சுத்தம். பின் சீட்டு முழுக்கச் சந்தனம். வாடகைக்கு ஓடிய வண்டிக்கு சர்டிஃபைடு ஸ்டிக்கர் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி ரூல். வெள்ளத்தில் முங்கியதற்கு அப்படி ஒரு ரூல் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

தேவகி கறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இதையே குடுங்கண்ணா."

"இரும்மா. பிரேக் டிஸ்க்கு மாத்தணும். அதுவரைக்கும் வண்டிய எடுக்காத."

"மலைக்கு ஏறி எறங்கிக்கினு இருந்த வண்டிண்ணா. சாமி பாத்துக்குவாரு."

"ஏத்தி வுட்டது சாமியா இருக்கலாம்மா. எறங்கறது பிரேக்குலதான்."

அவள் சிரித்தாள். உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். டிஸ்க்கும் பேடும் யார்டு செலவில் மாற்றிக் கொடுத்தோம். பிரசாத் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. யார்டு அமைதியாக இருந்தது.

4. மறுபடி மஞ்சள் போர்டு

சில வருடம் கழித்துத் தேவகி அதே காரில் வந்தாள். சேகர் ஓட்டிவந்தான். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. குனிந்து டயரைப் பார்த்தேன்.

"போய்ட்டாருண்ணா. வண்டி ஒரு நாளும் நிக்கல. வூட்லதான், தூக்கத்துல."

விற்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வழக்கப்படி கதவைத் திறந்தேன். பின் சீட்டுச் சந்தனம் அப்படியே இருந்தது. முன் சீட்டு ஹெட்ரெஸ்ட்டில் மட்டும் தேங்காய் எண்ணெய்க் கறை, ஒரு தலை அளவுக்கு. ஏழுமலை சாய்ந்து வந்த இடம். எத்தனையோ கார்களில் கறையைப் பார்த்து விலையைக் குறைத்திருக்கிறேன். இதைத் தொடாமல் கதவைச் சாத்தினேன்.

"விக்கறியாம்மா?"

"இல்லண்ணா. ஆசுபத்திரிக்கு எங்க பக்கத்துலர்ந்து இன்னும் மூணு பேரு பஸ்ல வந்துக்கினு கீறாங்க. அவரு கூட பக்கத்து கட்டில்ல படுத்தவங்க. சேகரு இட்டுனு வரேன்றான், டீசலுக்கு மட்டும் வாங்கிக்கினு. ஆனா காசு வாங்கினா மஞ்ச போர்டு வோணுமாமே. இத மறுபடி மஞ்ச போர்டு ஆக்க முடியுமாண்ணா?"

மஞ்சளை வெள்ளையாக்கச் சொல்லித்தான் எல்லாரும் என்னிடம் வருவார்கள். வெள்ளையை மஞ்சளாக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சேகருக்குச் சொன்னேன். சக்கரத்தைக் கழற்றி பிரேக் பார்த்தேன். டிஸ்க் நீலம் பூக்கவில்லை. பையன் கியரில்தான் இறக்கியிருக்கிறான்.

"இன்னும் ஓடும்மா," என்றேன். "சீட்டு கவர் மட்டும் மாத்திடலாமா? கிராக்கி ஏர்ற வண்டி."

"பின்னாடி மாத்துங்கண்ணா," என்றாள் தேவகி. "முன்னாடி வேணாம்."