ஒற்றைக் காதில் இரண்டு இசைத்தட்டுகள்

ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததிலிருந்து எனக்கு இடது காது கேட்காது. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அது தெரியும். அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. மீட்டிங் என்றால் மேசையின் இடது கோடியில் போய் உட்கார்ந்துகொள்வேன், எல்லோரும் என் வலது பக்கம் இருப்பார்கள். அப்படியே சமாளித்து வந்தேன்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலிக்காரி மாங்காட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளால்தான் எனக்கு டெக்னோ இசை பிடித்துப்போனது. மெதுவான ரகம் அல்ல. படியேறி ஓடி வந்தவனின் நெஞ்சு அடிக்கிற வேகத்தில் இடித்துக்கொண்டே போகும் முரட்டு ரகம். அவள் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள்கள் இரண்டு வாங்கித் தன் வீட்டு மாடி அறையில் வைத்திருந்தாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான சாதா சாமான். தட்டு ரப்பர் பெல்ட்டில்தான் சுற்றும். விரல் கொஞ்சம் அழுத்திவிட்டால் திணறி நின்று, பிறகு மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும்.

சனிக்கிழமை மதியங்களில் அங்கே போனேன். வேலை சொல்வதற்கு எளிது. ஒரு இசைத்தட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்ததை நாம் மட்டும் ஹெட்போனில் கேட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டின் தாள அடியும் ஒன்றாக விழும்படி செய்துவிட்டு வெளியே விட வேண்டும். ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காது ஸ்பீக்கருக்கு. உலகமெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்.

எனக்கு வரவேயில்லை. ஹெட்போனை வலது காதில் வைத்தால் ஸ்பீக்கர் மங்கிவிடும். எடுத்தால் அடுத்த பாட்டு போய்விடும். ஊகத்தில் வெளியே விடுவேன். இரண்டு பாட்டும் படிக்கட்டில் தடுக்கி விழுகிற பாத்திரங்கள் மாதிரி உருளும். வாராவாரம் அதே கதை. ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாடி பண்ற? ஸ்பீக்கர்ல ஒண்ணு, காதுல ஒண்ணு, அவ்ளோதான். கேக்குதா இல்லியா உனக்கு?"

"கேக்கல."

அவள் சிரித்தாள்.

"நெஜமாவே கேக்கல. இந்தக் காது சின்ன வயசுலயே போயிடுச்சு."

அவள் ஊசியைத் தூக்கினாள். அறை நிசப்தமானது. இனிமேல் வராதே என்று நல்லவிதமாகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"இத்தினி நாளா உன்ன திட்டிகினே இருந்தேனே! வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா விட்டுடச் சொல்லுவன்னு பயம்."

"ஆவடிலேர்ந்து ஊடு தேடி வந்து கத்துக்கினு கீற. நான் ஏன் வுடச் சொல்லப் போறேன்?"

இரண்டு டர்ன்டேபிளின் ஒலியையும் இணைக்கும் மிக்ஸரை அவளே குடைந்தாள். இரண்டு பாட்டையும் கலந்து ஹெட்போனுக்கே அனுப்பும் ஒரு திருகு அதில் இருந்தது. அதன்பின் எல்லாம் என் வலது காதுக்குள்ளேயே நடந்தது. ஆனால் புதிய தொல்லை: அடிகள் விலகுவது தெரியும், குதிரை ஓடுகிற மாதிரி கேட்கும், எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று தெரியாது. வேகத்தைக் கூட்டவா, குறைக்கவா? தப்பாகத் தொட்டால் இன்னும் மோசம். இதற்காக நாங்கள் சண்டையே போட்டோம். கடைசியில் ஒரு வழி பிடித்தேன். உள்ளே வரப்போகும் பாட்டை எப்போதும் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக வைத்துவிடுவேன். அப்போது பிந்துவது அதுதான், சந்தேகமே இல்லை. முன்னால் தள்ளினால் போதும்.

வீட்டில் அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு அவளை விட்டுப் போனதே இல்லை. "உள்ள ஒத்தக் காதையும் தொலைச்சுட்டு வந்து நிக்காதட்டி" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அறையில் ஒலியைக் குறைத்தே வைத்துப் பழகினேன்.

செம்பரம்பாக்கத்தில் ஒரு காலி கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்த இசைக்கு ஆட்டம் நடத்தும் ஒருவர், எங்களுக்கு ஆளுக்கு அரைமணி நேரம் தந்தார். டர்ன்டேபிளை மட்டும் கொண்டு வாருங்கள், மிக்ஸர் இருக்கிறது என்றார். தோழி முதலில் தன் அரைமணியை ஓட்டி முடித்தாள். என் முறை வந்தது. மிக்ஸரைப் பார்த்தேன். அந்தத் திருகு அதில் இல்லை.

"இதுல அது இல்லடி" என்றேன்.

அவளும் குனிந்து தேடிப் பார்த்தாள். "நானே இன்னொரு அரைமணி ஓட்டட்டா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் கடைசியாக வைத்த பாட்டு முடிவதற்குள் என்னுடையது உள்ளே வந்தாக வேண்டும். கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. மேசை ஒரு பலகை மேடையில் இருந்தது, அந்த அதிர்வு செருப்பைத் தாண்டி வந்தது. செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலில் ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் இடித்தது. ஓடுகிற பாட்டைக் காலுக்கு விட்டுவிட்டு, ஹெட்போனை வலது காதில் அழுத்தி ஒலியை முழுக்க ஏற்றினேன். காதில் விழுவது காலுக்குப் பின்னால் வந்தது. தட்டை மெல்லத் தள்ளினேன். இன்னும் பிந்தியது. மறுபடி தள்ளினேன், பெல்ட் வழுக்கி, தட்டு ஒரு கணம் துள்ளியது. பழைய பாட்டில் முரசு நின்றுபோக இன்னும் கொஞ்ச தூரமே இருந்தது. வெளியே விட்டேன்.

குதிரை ஓடியது. முன்வரிசையில் இரண்டு பேர் ஆட்டத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். விரல் நுனியால் தட்டின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு முன்னால் தள்ளினேன். திடீரென்று காலில் விழுவதும் காதில் விழுவதும் ஒரே அடியாகின. தோழி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அந்த அரைமணியில் பாட்டுக்குப் பாட்டு மாறியதில் ஒன்று மட்டும் கெட்டது. மற்றவை சரியாகப் பொருந்தின.

திரும்பும்போது பூந்தமல்லி சிக்னலில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் ஏதோ சொன்னாள். தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலிருந்தது. வீட்டில் அம்மாவின் உதடு அசைவதைப் பார்த்துத்தான் சாப்பாடு கேட்கிறாள் என்று புரிந்தது. வலது காதில் ஒரே ரீங்காரம். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். இதற்காகவா, இதற்காகவா என்றே ஓடியது மனம்.

காலையில் குவார்ட்டர்ஸ் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து அழுதேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு காது டாக்டரிடம் போனேன். கேட்கும் திறன் குறையவில்லை என்றார். காதுக்கு அளவெடுத்து அடைப்பான் செய்து போட்டுக்கொள்ளச் சொன்னார், ஹெட்போன் ஒலியை எதுவரை வைக்கலாம் என்றும் சொன்னார். அம்மா அவரிடம், "முழுசா விடச் சொல்லுங்க டாக்டர்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அடைப்பானுக்கு எப்போது அளவெடுப்பீர்கள் என்று கேட்டேன்.

கிடங்குக்காரர் மறுபடி கூப்பிட்டபோது எங்கள் மிக்ஸரையே எடுத்துப் போனோம். மேசையை ஸ்பீக்கரிலிருந்து தள்ளிப் போடச் சொன்னேன், போட்டார். அன்று மூன்றாவது பாட்டில் ஊசி தாவிவிட்டது. அது இரண்டு காதும் கேட்கிறவர்களுக்கும் நேர்வதுதான்.