எபாங் அரண்மனையின் கட்டியகாரன்

சீனத்து முதற் பேரரசரின் எபாங் அரண்மனை மூன்று மாதம் நின்று எரிந்ததாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு சீனச் சமையற்காரர் தன் தாத்தா சொன்னதாகச் சொல்ல, மன்னார்ச் சந்தியோகு அப்படியே நம்பிவிட்டார். தொண்ணூற்றாறாம் ஆண்டில் அவருக்கு அருங்காட்சியகத்தில் தற்காலிகக் காவல் வேலை. சீனக் கண்காட்சியில் அந்த அரண்மனைக் காலத்துக் கூரை ஓடு ஒன்றின் அருகே பேசாமல் நிற்க வேண்டும்.

செவ்வாயன்று பள்ளிப் பிள்ளைகள் ஓட்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். ஊர்க் கோயில் கூத்தில் கட்டியகாரனாக நின்று அரசன் வரவு பாடியவருக்குப் பொறுக்குமா? பேரரசரின் வரவைத் தமிழில் பாடி, தெரிந்த ஜெர்மனில் அரண்மனைக்குத் தீயும் மூட்டினார். பிள்ளைகள் கைதட்டியபோது பொறுப்பாளர் எலேனா பின்னால் நின்றார்.

“எரிந்தது என்பது கதை. அகழ்ந்தவர்கள் விவரிப்பது இடித்து இறுக்கிய மண்மேடையை,” என்றார் ஜெர்மனில், சிரிக்காமல். “உங்கள் வேலை பற்றி வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொல்கிறேன்.”

வீட்டில் மனைவி எமல்டா விடவில்லை. “காவல் நிக்கச் சொன்னா கூத்தோ ஆடுறது?”

“ராசா இல்லாம ஓடு தனிய நிண்டது. பாவமாக் கிடந்தது.”

“ராசாவுக்கு வேலை போகாது. உங்களுக்குத்தான் போகும்.”

ஆனால் வியாழனன்று இன்னொரு வகுப்பு வந்து, பாடும் காவலாளி எங்கே என்று கேட்டது. எலேனா அதையும் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசி அடித்தது. சந்தியோகு எழுந்து சட்டைப் பித்தானைப் பூட்டினார்.

“எடுங்கோவன்,” என்றாள் எமல்டா.

“பொறும். மண்மேடைக்கும் ரெண்டடி பாட்டுக் கட்டிப்போட்டன். கேட்டா உடன பாட வேணுமெல்லோ.”

அவர் தொண்டையைச் செருமினார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.